நேரம் குறித்த சினை ஊசி: பிரேசில் பசுக்களுக்கு ஹார்மோன் எதற்கு, ஐரோப்பா அதை மறுப்பது ஏன்?

2024-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தணிக்கைக் குழு பிரேசிலுக்குச் சென்று வந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன் செலுத்தப்பட்ட மாடுகளின் இறைச்சி ஐரோப்பாவுக்கு வரும் சரக்கில் கலக்கவில்லை என்பதற்கு அந்நாட்டில் நம்பத்தக்க உத்தரவாதம் இல்லை என்பது அதன் சாரம். அதையடுத்து, பெண் மாடுகளின் இறைச்சியை ஐரோப்பாவுக்கு அனுப்புவதைப் பிரேசில் தானாகவே நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், பிரேசில் அங்கம் வகிக்கும் தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பான மெர்கோசூரின் நாடுகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே வணிக ஒப்பந்தம் பேசி முடிக்கப்பட்டபோது, ‘ஹார்மோன் மாட்டிறைச்சி’ என்ற பேச்சு மீண்டும் கிளம்பியது.

செய்தியைப் படித்த பலரும், பிரேசிலில் மாடுகளைக் கொழுக்க வைப்பதற்காக ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்றே புரிந்துகொண்டார்கள். உண்மை அதுவன்று. எடை கூட்டுவதற்காக மாடுகளுக்கு ஹார்மோன் கொடுப்பது பிரேசிலில் தடை செய்யப்பட்டிருக்கிறது. சர்ச்சைக்குள்ளான ஈஸ்ட்ரடையால் அங்கே பசுக்களைச் சினைப்படுத்துவதற்காகப் பயன்படுகிறது. அதனால்தான் நிறுத்தம் பெண் மாடுகளோடு நின்றது, காளைகளையும் எருதுகளையும் தொடவில்லை. ‘நேரம் குறித்த செயற்கைக் கருவூட்டல்’ என்ற அந்த முறை எப்படி வேலை செய்கிறது, எதற்காக வந்தது, எங்கெல்லாம் உண்மையான சிக்கல் இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

75 நாள் கணக்கு

பிரேசிலில் உள்ள மாடுகளின் எண்ணிக்கை 23 கோடிக்கும் அதிகம். இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெலோரே என்ற திமிலுள்ள வெள்ளை இனம், அல்லது அதன் கலப்பு. இது ஆந்திரக் கடற்கரையின் நெல்லூர், ஓங்கோல் வட்டாரத்திலிருந்து, அதாவது அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து, கப்பலேறிப் போன ஓங்கோல் மாடுகளின் வழித்தோன்றல். 1962-இல் இந்தியாவிலிருந்து சென்ற மாடுகள் பெர்னாண்டோ டி நோரோன்யா தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட பிறகே பிரேசிலுக்குள் அனுமதிக்கப்பட்டன. ஓங்கோலுக்கு அருகிலுள்ள ஊரின் பெயரைத் தாங்கிய ‘கார்வாடி’ என்ற பொலிகாளை அந்தக் காலத்தில் போனதுதான். இன்றைய நெலோரே வம்சாவளிப் பட்டியல்களில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

கறவை மாடு நாள்தோறும் பால் தருகிறது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் தாய்ப்பசுவிடமிருந்து பண்ணையாளருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஒரு கன்று மட்டுமே. அந்த ஒரு கன்றும் தவறினால், ஓர் ஆண்டின் மேய்ச்சல் நிலம், தாது உப்பு, கூலி எல்லாம் வீண். நெலோரே பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 290 நாள். ஆண்டுக்கு 365 நாள் என்றால், கன்று ஈன்ற பிறகு மறுபடி சினை பிடிப்பதற்குப் பசுவுக்கு இருப்பது 75 நாள்தான். அதில் முதல் 30, 40 நாள் கருப்பை பழைய நிலைக்குத் திரும்புவதற்கே போய்விடும். மீதியிருக்கும் சிறு இடைவெளிக்குள் பசு பருவத்துக்கு வர வேண்டும், அதை ஒருவர் கவனிக்க வேண்டும், சரியான நேரத்தில் விந்து உள்ளே போக வேண்டும்.

இதில் மூன்று தடைகள் குறுக்கிடுகின்றன.

1. கன்று மடியில் ஊட்டிக்கொண்டிருக்கும் வரை, பசுவின் மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் தூண்டல் அடங்கியே இருக்கும். கறவைப் பண்ணையில் கன்றைப் பிரித்துவிடுகிறார்கள். மேய்ச்சல் நில இறைச்சிப் பண்ணையில் ஆறு ஏழு மாதம் கன்று தாயுடனேயே திரிகிறது. வெப்ப மண்டலப் புல்லின் சத்துக் குறைவும் சேர்ந்துகொள்ள, ஈன்று இரண்டு மாதம் கடந்தும் பல பசுக்கள் பருவத்துக்கே வருவதில்லை.

2. பருவத்துக்கு வந்தாலும் கண்ணில் படுவது கடினம். ஐரோப்பிய இனப் பசுக்களோடு ஒப்பிட்டால் திமிலுள்ள மாடுகளின் சினைப்பருவம் குறுகியது. 10 முதல் 12 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதிலும் கணிசமானவை இரவில் தொடங்கி விடிவதற்குள் அடங்கிவிடுகின்றன.

3. ஒரே பண்ணையில் சில ஆயிரம் பசுக்கள், பல நூறு ஹெக்டேர் நிலத்தில் பரவி மேய்கின்றன. காலையும் மாலையும் குதிரையேறிச் சுற்றி வந்து, எந்தப் பசு மற்றொன்றைத் தாவவிட்டு நிற்கிறது என்று பார்க்கும் ஆள்களைத் திரட்டுவதும், பார்த்த பசுவை மட்டும் மந்தையிலிருந்து பிரித்துக் கொட்டிலுக்கு ஓட்டி வருவதும் நடைமுறையில் தோற்றுப்போன வேலைகள்.

பருவம் எப்போது வரும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, கருமுட்டை வெளியாகும் நேரத்தை நாமே குறித்துவிட்டால் இந்த மூன்று தடைகளையும் ஒருசேரத் தாண்டலாம். நேரம் குறித்த கருவூட்டலின் முழுத் தருக்கமும் இதுதான். பருவ அறிகுறிகளைப் பார்க்கத் தேவையில்லை. நாள்காட்டியைப் பார்த்தால் போதும்.

பசுவின் 21 நாள் சுழற்சியில் நடப்பது என்ன?

பசுவின் இனப்பெருக்கச் சுழற்சி சராசரியாக 21 நாள். அதை நடத்தும் ஹார்மோன்கள் பல இருந்தாலும், இந்த முறையைப் புரிந்துகொள்ள ஐந்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

சினைப்பையில் கருமுட்டைகள் நுண்பைகளுக்குள் வளர்கின்றன. நுண்பைகள் ஒவ்வொன்றாக வளர்வதில்லை. கூட்டமாகக் கிளம்பும், அதில் ஒன்று முந்தி மற்றவற்றை அடக்கிவிடும். இதை ‘நுண்பை அலை’ என்கிறார்கள். ஒரு சுழற்சிக்குள் இரண்டு அல்லது மூன்று அலைகள் எழுகின்றன. திமிலுள்ள மாடுகளில் நான்கு வருவதும் உண்டு. முந்திய நுண்பை முற்றும்போது அதிலிருந்து ஈஸ்ட்ரடையால் பெருகுகிறது. பசு தாவுவதும், கத்துவதும், வழும்பு ஒழுக்குவதும் இந்த ஈஸ்ட்ரடையாலின் விளைவுகள். அது மூளையை எட்டியதும் அங்கே ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதன் உந்துதலால் பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனை ஒரே வீச்சில் வெளிவிடுகிறது. அதற்கு ஒரு நாளுக்குச் சற்று மேல் கழித்து நுண்பை வெடித்துக் கருமுட்டை வெளியேறுகிறது.

வெடித்த இடத்தில் ‘கார்பஸ் லூட்டியம்’ எனப்படும் மஞ்சள் உடலம் உருவாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கருவைத் தாங்கும் ஹார்மோன் இது. இரத்தத்தில் இது உயர்ந்திருக்கும் வரை அடுத்த எல்எச் வீச்சுக்கு அனுமதி கிடையாது. கரு உருவாகவில்லை என்றால், சுமார் 16, 17-ஆம் நாளில் கருப்பை புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிடும். தடை நீங்கி, அடுத்த பருவம் வரும்.

ஆக, சுழற்சியைக் கையில் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் செய்ய வேண்டியவை தெளிவாகிவிடுகின்றன: எல்லாப் பசுக்களிலும் ஒரே நாளில் புதிய நுண்பை அலையைத் தொடங்க வைக்க வேண்டும், அது முதிரும் வரை புரோஜெஸ்டிரோனால் தடுத்து வைக்க வேண்டும், ஒரே நாளில் தடையை நீக்க வேண்டும், நீக்கியபின் கருமுட்டை வெளியேறுவதை ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்த்த வேண்டும்.

பிரேசில் பண்ணையில் பத்து நாள்

பிரேசிலில் பரவலாக உள்ள நடைமுறை, பசுவை மூன்று முறை கொட்டிலுக்குக் கொண்டுவருகிறது. பண்ணைக்குப் பண்ணை ஒரு நாள் முன்பின் இருக்கலாம், அடிப்படை இதுதான்.

1. 0-ஆம் நாள். புரோஜெஸ்டிரோன் ஊறிய சிலிகோன் சாதனம் ஒன்று பசுவின் பிறப்புறுப்புக்குள் வைக்கப்படுகிறது. ‘டி’ வடிவில் உள்ள அதன் இரு கைகளும் உள்ளே போகும்போது மடங்கியிருந்து, உள்ளே போனபின் விரிந்து பிடித்துக்கொள்ளும். இழுத்தெடுப்பதற்கான நூல் மட்டும் வெளியே தொங்கும். அதே நாளில் 2 மில்லிகிராம் ஈஸ்ட்ரடையால் பென்சோயேட் ஊசி. புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரடையாலும் சேர்ந்து அப்போதைக்கு வளர்ந்துகொண்டிருக்கும் நுண்பைகளை அடக்கிவிடுகின்றன. மூன்று நான்கு நாள் கழித்துப் புதிய அலை கிளம்பும். எந்தக் கட்டத்தில் இருந்த பசுவாயினும் இப்போது எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிட்டன.

2. 8-ஆம் நாள். நூலைப் பிடித்துச் சாதனம் வெளியே இழுக்கப்படுகிறது. மூன்று ஊசிகள் இதே நாளில் போடப்படுகின்றன: மஞ்சள் உடலம் எஞ்சியிருந்தால் அதைக் கரைக்கப் புரோஸ்டாகிளாண்டின், நுண்பையின் இறுதி வளர்ச்சிக்கு 300 அலகு இசிஜி (சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஹார்மோன்), எல்எச் வீச்சைத் தூண்ட ஈஸ்ட்ரடையால் சிப்பியோனேட் 0.5 அல்லது 1 மில்லிகிராம். சிப்பியோனேட் எண்ணெயில் மெதுவாகக் கரைந்து வேலை செய்வதால், இன்னொரு நாள் மாட்டை ஓட்டி வந்து ஊசி போடும் வேலை மிச்சமாகிறது.

3. 10-ஆம் நாள். சாதனத்தை எடுத்து 48 மணி நேரத்துக்குப் பின் எல்லாப் பசுக்களுக்கும் சினை ஊசி, அதாவது கருப்பைக்குள் விந்து செலுத்துவது. கருமுட்டை வெளியேறுவது சாதனத்தை எடுத்த ஏறத்தாழ 70 மணி நேரத்தில். இடையிலுள்ள நேரம் தற்செயலானதன்று: விந்தணுக்கள் கருக்குழாயை அடைந்து கருவூட்டும் தகுதி பெறுவதற்குச் சில மணி நேரம் தேவை, வெளியேறிய கருமுட்டையின் ஆயுளோ சில மணி நேரம்தான். ஆகவே விந்தணு காத்திருக்கலாம்; கருமுட்டையைக் காக்க வைக்கக் கூடாது.

எட்டாம் நாளில் செய்யப்படும் ஒரு சிறு வேலை என்னைப் பெரிதும் கவர்கிறது. சாதனத்தை எடுத்தவுடன் பசுவின் வாலடியில் மெழுகுக் கட்டியால் தடிப்பாக வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். பத்தாம் நாள் பசு கொட்டிலுக்குள் வரும்போது அந்த வண்ணம் தேய்ந்து அழிந்திருந்தால், மற்ற பசுக்கள் அதன்மேல் தாவியிருக்கின்றன, பருவம் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். வண்ணம் அப்படியே பளிச்சென்று இருந்தால், நுண்பை சிறியது, கருமுட்டை வெளியேறுவது தாமதமாகலாம். அந்தப் பசுவுக்கு மட்டும் சினை ஊசியோடு ஒரு ஜிஎன்ஆர்எச் ஊசியும் போட்டு வீச்சை உறுதிப்படுத்துகிறார்கள். பல நூறு பசுக்கள் வரிசையில் நிற்கும்போது, ஸ்கேன் கருவி இல்லாமல், ஒரு வண்ணக் கோட்டைப் பார்த்தே சிகிச்சையை முடிவு செய்யும் இந்த ஏற்பாடு பண்ணையின் வேகத்துக்குப் பொருந்திய அறிவியல்.

மற்ற நாடுகளில் வேறு வழி

கருமுட்டை வெளியேறும் நேரத்தையே குறிக்கலாம் என்பதைப் பெரிய அளவில் நிறுவிய ‘ஓவ்சின்க்’ முறை, 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் கறவை மாடுகளுக்காக வெளியிடப்பட்டது. அதில் ஈஸ்ட்ரடையால் கிடையாது. முதலில் ஜிஎன்ஆர்எச், ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், இரண்டு நாள் கழித்து மறுபடி ஜிஎன்ஆர்எச், பிறகு சினை ஊசி.

அமெரிக்காவின் இறைச்சிப் பண்ணைகள் இதைச் சுருக்கித் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. முதல் நாளில் ஜிஎன்ஆர்எச்சும் புரோஜெஸ்டிரோன் சாதனமும். ஏழாம் நாளில் சாதனத்தை எடுத்துப் புரோஸ்டாகிளாண்டின். பசுக்களுக்கு அதிலிருந்து 60 முதல் 66 மணி நேரத்திலும், கிடாரிகளுக்கு 54 மணி நேர அளவிலும் ஜிஎன்ஆர்எச்சோடு சினை ஊசி. பருவத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஐரோப்பிய இன மாடுகளில் இது நன்றாக வேலை செய்கிறது.

அப்படியானால் பிரேசிலும் இதையே பின்பற்றி ஈஸ்ட்ரடையால் வம்பிலிருந்து விலகிக்கொள்ளலாமே என்ற கேள்வி நியாயமானது. சிக்கல் முதல் ஊசியில் இருக்கிறது. ஜிஎன்ஆர்எச் புதிய அலையைத் தொடங்க வேண்டுமானால், அப்போது சினைப்பையில் வெடிப்பதற்குத் தயாரான பெரிய நுண்பை ஒன்று இருக்க வேண்டும். அது வெடித்தால்தான் புதிய அலை கிளம்பும். கன்று ஊட்டிக்கொண்டு, புல் குறைந்து, பருவம் அடங்கிக் கிடக்கும் நெலோரே பசுக்களில் பாதியளவுகூட அந்த ஊசிக்கு அசைந்து கொடுக்காமல் போவதுண்டு. ஈஸ்ட்ரடையாலுக்கு அந்த நிபந்தனை இல்லை. இருக்கும் நுண்பை சிறிதோ பெரிதோ, அதை அடக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும். விலையும் குறைவு. பிரேசில் இதைப் பற்றிக்கொண்டதற்கு உடலியல் காரணமும் உண்டு, காசுக் காரணமும் உண்டு.

பாதிதான் சினை பிடிக்கும் என்றால் அது வெற்றியா?

நல்ல பண்ணையில் ஒரு முறை நேரம் குறித்துப் போடும் சினை ஊசிக்குச் சுமார் 50 விழுக்காடு பசுக்கள் சினை பிடிக்கின்றன. முதல் பார்வைக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் இது பருவத்துக்கு வந்த பசுக்களில் பாதியன்று. பருவமே வராதவை உட்பட, வரிசையில் நின்ற எல்லாப் பசுக்களிலும் பாதி. பழைய முறையில் 100 பசுக்களில் 50 மட்டுமே பருவம் காட்டி, அவற்றில் 60 விழுக்காடு சினை பிடித்தால் கிடைப்பது 30. அதுவும் மூன்று வாரம் தினமும் கண்விழித்த பிறகு.

சினை பிடிக்காத பசுக்களை எவ்வளவு விரைவில் கண்டறிந்து மறுபடி வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் கடந்த ஆண்டுகளின் முன்னேற்றம் நடந்திருக்கிறது. மூன்று வழிகள் இருக்கின்றன.

1. முப்பதாம் நாளில் ஸ்கேன் செய்து, சினையில்லாதவற்றுக்கு அன்றே புதிய சுற்றைத் தொடங்குவது. இரண்டு சினை ஊசிகளுக்கு இடையே 40 நாள்.

2. ஸ்கேனுக்கு முன்பே, 22-ஆம் நாளில் எல்லாப் பசுக்களுக்கும் சாதனத்தை வைத்துவிட்டு, முப்பதாம் நாளில் ஸ்கேன் செய்து, சினையில்லாதவற்றுக்கு மட்டும் சுற்றைத் தொடர்வது. இடைவெளி 32 நாளாகக் குறைகிறது.

3. பதினான்காம் நாளிலேயே சாதனத்தை வைத்து, 22-ஆம் நாளில் டாப்ளர் ஸ்கேன் மூலம் மஞ்சள் உடலத்துக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது. இரத்த ஓட்டம் நின்றிருந்தால் சினை இல்லை. இடைவெளி 24 நாள். அதாவது 48 நாளுக்குள் மூன்று சினை ஊசிகள்.

ஒவ்வொரு சுற்றிலும் பாதி என்று வைத்துக்கொண்டால் 100 பசுக்களில் 50, பிறகு 25, பிறகு 12 அல்லது 13. மூன்று சுற்றில் 87 அளவுக்கு எட்டலாம். 75 நாள் கணக்கு இங்கே வந்து பொருந்துகிறது. சுற்றுகளை நெருக்குவதற்கு டாப்ளர் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த கால்நடை மருத்துவரும் வேண்டும் என்பதால், மூன்றாம் வழி எல்லாப் பண்ணைக்கும் எட்டுவதில்லை.

2000-களின் தொடக்கத்தில் பிரேசிலில் ஆண்டுக்குச் சில லட்சத்தைக்கூட எட்டாத இந்த முறை, 2020-களில் 2 கோடியைத் தாண்டியிருக்கிறது. அந்நாட்டில் போடப்படும் சினை ஊசிகளில் பத்தில் ஒன்பது நேரம் குறித்தவை.

அங்கஸ் காளை இல்லாமல் அங்கஸ் கன்று

இவ்வளவு செலவு செய்து ஏன் ஊசி போட வேண்டும், பட்டியில் ஒரு பொலிகாளையை விட்டால் போதாதா என்று கேட்கலாம். நெலோரே காளையை விடலாம். அது அந்த வெயிலைத் தாங்கும். ஆனால் பண்ணையாளர் விரும்புவது, விரைவில் எடை கூடும், மென்மையான இறைச்சி தரும் அங்கஸ் கலப்புக் கன்றை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த அங்கஸ் இனக் காளை மத்திய பிரேசிலின் வெப்பத்திலும் உண்ணியிலும் வாடிவிடும். 25, 30 பசுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றை மேய்ச்சல் நிலத்தில் விட முடியாது. உறைவிந்துக் குச்சிக்கு வெயில் தெரியாது. இந்த முறை அங்கே இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முதன்மையான காரணம் இந்தக் கலப்பினக் கன்றுதான் என்பது என் கணிப்பு.

இன்னொரு பயனும் உண்டு. ஒரே நாளில் சினையான பசுக்கள் சில நாள் இடைவெளிக்குள் ஈனும். பருவத்தின் தொடக்கத்திலேயே பிறந்த கன்று, பால் மறக்கடிக்கும்போது மற்றவற்றைவிட மூத்தது, கனமானது. அதன் தாய்க்கும் அடுத்த சினைப் பருவத்துக்கு முன் தேறிக்கொள்ளக் கூடுதல் நாள் கிடைக்கிறது.

எங்கே சறுக்குகிறது?

ஹார்மோன்களால் செய்ய முடியாததைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எலும்பு தெரிய மெலிந்த பசுவை எந்த ஊசியும் சினைப்படுத்தாது. உடல் நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடும் வழக்கத்தில், இரண்டரைக்குக் கீழே இருக்கும் பசுக்களில் சினை விழுக்காடு சரிகிறது. மிகவும் சிரமப்படுத்துபவை தலையீற்றுப் பசுக்கள். தான் இன்னும் வளர்ந்துகொண்டே கன்றுக்கும் பால் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பதால், கிடைக்கும் தீவனத்தில் இனப்பெருக்கத்துக்கு மிஞ்சுவது சொற்பம். அவற்றைத் தனியாகப் பிரித்து நல்ல புல்லில் மேய்ப்பது, மருந்தின் அளவைக் கூட்டுவதைவிடப் பயன் தரும்.

அடுத்தது கை வேலை. உறைவிந்துக் குச்சி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து 35 முதல் 37 டிகிரி வெந்நீருக்குப் போய், அரை நிமிடத்துக்குக் குறையாமல் கிடந்து, துடைத்து, வெட்டி, துப்பாக்கியில் ஏற்றி, தாமதமின்றிக் கருப்பைக்குள் போக வேண்டும். ஒரே காலையில் 200 பசுக்கள் என்னும்போது, நூறாவது பசுவுக்குப் பின் கை சோர்கிறது; வெந்நீர் ஆறிப்போனதை யாரும் பார்ப்பதில்லை. அடித்தும் கத்தியும் விரட்டி வரப்பட்ட நெலோரே மிரண்டு நிற்கும். மிரட்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் எல்எச் வீச்சையே குலைக்கக்கூடும். பசுக்களை அமைதியாக நடத்திக் கொண்டுவரும் ஆள், விலையுயர்ந்த மருந்துக்கு நிகரானவர்.

வேலை செய்பவர்களின் பாதுகாப்பும் இதில் அடங்கும். புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாக உள்ளே ஊடுருவும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவையும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கக்கூடியது. கையுறை அணியாமல் அதைத் தொடக் கூடாது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலும் ஓரிரு கறவை மாடுகள் வீட்டருகே கட்டப்பட்டிருக்கின்றன. பருவத்தைக் கவனிக்க வீட்டிலேயே ஆள் உண்டு. ஆகவே இதே ஹார்மோன்கள் இங்கே, பருவத்துக்கு வராத மாட்டுக்கு மருத்துவர் தரும் சிகிச்சையாகவே பெரிதும் பயன்படுகின்றன. பல நூறு மாடுகளுக்கான ஏற்பாட்டை இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அப்படியே பரிந்துரைப்பதில் பொருளில்லை.

ஒரே ஹார்மோன், மூன்று சட்டங்கள்

ஈஸ்ட்ரடையால் விஷயத்தில் மூன்று பெரும் மாட்டிறைச்சிச் சந்தைகள் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது.

1. அமெரிக்கா: எடை கூட்டுவதற்காக மாட்டின் காதுத் தோலுக்கடியில் ஈஸ்ட்ரடையால் வில்லைகளைப் பதிப்பது 1950-களிலிருந்து அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பழைய வில்லை வகை ஒன்றில் 20 மில்லிகிராம் ஈஸ்ட்ரடையால் பென்சோயேட் இருக்கிறது. வெட்டும்போது காது தனியே அகற்றப்பட்டுவிடும். ஆனால் சினைப்பருவத்தை ஒருங்கிணைப்பதற்கு ஈஸ்ட்ரடையால் ஊசி போட அங்கே அனுமதி இல்லை.

2. பிரேசில்: நேர் எதிர். எடை கூட்டுவதற்குத் தடை, இனப்பெருக்கத்துக்கு அனுமதி. ஒரு சுற்றில் பசுவுக்குப் போவது மொத்தம் 3 மில்லிகிராமுக்கு மேற்படாது.

3. ஐரோப்பிய ஒன்றியம்: இரண்டும் இல்லை. ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாடுகளின் இறைச்சி இறக்குமதிக்கு 1989 முதல் தடை. 2003-இல் வந்த சட்டத் திருத்தம், ஈஸ்ட்ரடையாலைச் சினைப்பருவத்தைத் தூண்டப் பயன்படுத்துவதற்கும் 2006-உடன் முற்றுப்புள்ளி வைத்தது.

அறிவியல் ஆலோசனையிலும் பிளவு உண்டு. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு, ஈஸ்ட்ரடையாலைப் புற்றுநோயைத் தோற்றுவிக்கவும் வளர்க்கவும் வல்ல பொருளாகக் கருத வேண்டும், பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வரையறுக்க முடியாது என்றது. அதே ஆண்டில், உலக சுகாதார அமைப்பும் ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.05 மைக்ரோகிராம் வரை ஏற்கத்தக்கது என்று அளவு குறித்தது. ஹார்மோன் தடை குறித்து அமெரிக்காவும் கனடாவும் தொடுத்த வழக்கில், போதிய ஆபத்து மதிப்பீடு இல்லை என்று கூறி 1998-இல் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பா தடையை விலக்கவில்லை.

சினை ஊசிக்காக ஈஸ்ட்ரடையால் பெற்ற பசுவின் இறைச்சியால் நுகர்வோருக்கு ஆபத்து மிகுதி என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மில்லிகிராம் மருந்து சில நாளில் பசுவின் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். சினை பிடித்த பசு ஒன்பதரை மாதம் உயிரோடிருக்கும். நிறைசினையில் அதன் உடலே ஈஸ்ட்ரோஜன்களை ஏராளமாகச் சுரக்கும். சினை பிடிக்காமல் கழிக்கப்படும் பசுதான் விரைவில் வெட்டுக்குப் போகக்கூடியது. அதற்கும் மருந்துக்கும் இடையே பொதுவாக வாரங்களோ மாதங்களோ கடந்திருக்கும்.

ஆனால் ஐரோப்பாவின் கேள்வி எச்சம் எவ்வளவு என்பதோடு முடியவில்லை. தன் நாட்டு விவசாயிக்கு மறுக்கப்பட்ட மருந்தைப் பெற்ற மாடு எது, பெறாத மாடு எது என்று பிரித்துக் காட்ட முடியுமா என்பது அவர்கள் கேட்பது. பிரேசிலில் அதற்கு ஆதாரமாக இருந்தது பண்ணையாளர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. ஒரு பசு பிறந்த பண்ணை ஒன்று, சினை ஊசி பெற்ற பண்ணை ஒன்று, கொழுத்து வெட்டுக்குப் போகும் பண்ணை இன்னொன்று என்றிருக்கும்போது, கடைசிப் பண்ணையின் உரிமையாளர் முதல் இரண்டு இடங்களில் நடந்தவற்றுக்குக் கையெழுத்திடுகிறார். இதை நம்பத்தக்க சான்றாக ஏற்க முடியாது என்று தணிக்கையாளர்கள் சொன்னதில் தவறு காண முடியவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதன் சிகிச்சைகளை அந்த எண்ணில் பதிந்தால் மட்டுமே இது தீரும். நாடு முழுவதும் மாடுகளுக்குத் தனி அடையாளம் வழங்கும் திட்டத்தை 2024 டிசம்பரில் பிரேசில் அறிவித்திருக்கிறது. படிப்படியாக 2032-க்குள் முடிப்பது இலக்கு.

குதிரை இரத்தம்: அதிகம் பேசப்படாத பகுதி

எட்டாம் நாளில் போடப்படும் இசிஜி என்ற ஹார்மோன், சினைக் குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. குதிரையின் சினைக்காலத்தில் ஏறத்தாழ 40-ஆம் நாள் தொடங்கிச் சில வாரங்களுக்கு மட்டுமே இது அதன் இரத்தத்தில் மிகுந்திருக்கும். அந்த வாரங்களில் குதிரைகளிடமிருந்து திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள். உருகுவே, அர்ஜென்டினா, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் உள்ள இத்தகைய பண்ணைகளில் குதிரைகள் நடத்தப்படும் விதம் குறித்து விலங்கு நல அமைப்புகள் கடுமையான கண்டனங்களை எழுப்பியிருக்கின்றன. 2021-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த ஹார்மோனின் உற்பத்தியையும் இறக்குமதியையும் நிறுத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஈஸ்ட்ரடையால் சர்ச்சையைவிட, அறத்தின் பார்வையில் கனமானது இதுவே என்று நான் கருதுகிறேன். ஈஸ்ட்ரடையாலால் எந்த உயிருக்குத் துன்பம் என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே துன்பப்படும் உயிர் கண்ணெதிரே நிற்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. குதிரையை நாடாமல், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் இதே ஹார்மோனை உருவாக்கும் தொழில்நுட்பம் அர்ஜென்டினாவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. மருந்தே இல்லாத வழியும் ஒன்றுண்டு: எட்டாம் நாளில் சாதனத்தை எடுக்கும்போது கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து, சினை ஊசி போடும் வரை 48 மணி நேரம் தனிப் பட்டியில் அடைத்து வைப்பது. ஊட்டுவது நின்றதும் பசுவின் எல்எச் துடிப்பு தானே கூடி, நுண்பையின் இறுதி வளர்ச்சிக்கு இசிஜி செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. ஆனால் சில நூறு கன்றுகளை இரண்டு நாள் அடைத்து வைக்க உறுதியான வேலியும், நிழலும், தண்ணீரும், அவற்றைத் தாயோடு மறுபடி சரியாகச் சேர்த்துவிடும் ஆள்களும் வேண்டும். அந்த வசதி இல்லாத பண்ணைகள் இசிஜி குப்பியையே வாங்குகின்றன.